ஃபுல் ஸ்பெக்ட்ரம், பிராட் ஸ்பெக்ட்ரம், ஐசொலேட்: சிபிடி எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சிபிடி எண்ணெயைப் பற்றி முதன்முதலாக விசாரிக்கும் எவரும் ஃபுல் ஸ்பெக்ட்ரம், பிராட் ஸ்பெக்ட்ரம், ஐசொலேட் என்ற மூன்று பெயர்களுக்கு முன்னால் வந்து தயங்கி நிற்பார்கள். விற்பவர்களில் ஒருவர் முழுமையான சாறே மேல் என்பார். இன்னொருவர் தூய்மையானதே மேல் என்பார். இந்தப் பெயர்கள் தரத்தைக் குறிப்பவை அல்ல. கஞ்சா இனச் செடியிலிருந்து எடுத்த சாற்றில் எதை விட்டுவைத்தார்கள், எதை நீக்கினார்கள் என்பதை மட்டுமே இவை சொல்கின்றன. ஆகவே தேர்வை ‘எனக்கு எது நல்லது’ என்ற கேள்வியில் தொடங்காமல், ‘என் உடம்புக்குள் எது போகக் கூடாது’ என்ற கேள்வியில் தொடங்குங்கள் என்பதே நான் புதியவர்களுக்குச் சொல்வது. அதற்கு விடை கிடைத்துவிட்டால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

கஞ்சா இனச் செடியில் கன்னாபினாய்டு எனப்படும் சேர்மங்கள் நூற்றுக்கு மேல் உள்ளன. அவற்றில் இரண்டை மட்டும் இப்போதைக்கு அறிந்துகொண்டால் போதும். போதை தருவது டிஎச்சி. போதை தராதது சிபிடி. வியப்பு என்னவென்றால் இரண்டுக்கும் வேதி வாய்பாடு ஒன்றே: 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். அணுக்கள் இணைந்திருக்கும் விதத்தில் உள்ள சிறு வேறுபாடுதான் ஒன்றை மயக்கம் தருவதாகவும் மற்றொன்றை அப்படி அல்லாததாகவும் ஆக்குகிறது. சிபிடியை 1940இல் அமெரிக்க வேதியியலாளர் ரோஜர் ஆடம்ஸின் குழு பிரித்தெடுத்தது. அதன் துல்லியமான அமைப்பை 1963இல் இஸ்ரேலைச் சேர்ந்த ரஃபேல் மெக்கூலம் கண்டறிந்தார். டிஎச்சி மிகக் குறைவாக இருக்கும்படி வளர்க்கப்படும் வகைக்கு ஹெம்ப் என்று பெயர். தமிழில் ‘சணல்’ என்று எழுதினால் கோணிப்பை நெய்யும் வேறொரு செடியோடு குழப்பம் வந்துவிடும் என்பதால் ஹெம்ப் என்ற சொல்லையே இங்கே பயன்படுத்துகிறேன்.

முதல் படி: சட்டமும் சிறுநீர்ப் பரிசோதனையும்

எந்த வகை என்று யோசிப்பதற்கு முன், நீங்கள் வாழும் நாட்டில் சிபிடிக்கு அனுமதி உண்டா என்பதை அந்நாட்டு அரசின் அறிவிப்பிலேயே பாருங்கள். விற்பவரின் வாக்கை இதற்கு நம்ப வேண்டாம். அமெரிக்காவின் 2018ஆம் ஆண்டுச் சட்டம், உலர்ந்த எடையில் டிஎச்சி 0.3 விழுக்காட்டுக்கு மேற்படாத செடியை ஹெம்ப் என்று வகுத்தது. சுவிட்சர்லாந்தில் வரம்பு 1 விழுக்காடு. சிங்கப்பூரிலோ சிபிடியே தடை செய்யப்பட்ட பொருள். இந்த வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படுபவை. ஒரு நாட்டில் முறையாக வாங்கிய புட்டி, விமானம் ஏறி இறங்கியதும் குற்றப் பொருளாகிவிடக்கூடும் என்பதைப் பயணம் செய்பவர்கள் ஒருபோதும் மறக்கக் கூடாது.

அடுத்த கேள்வி உங்கள் வேலையைப் பற்றியது. வாகனம் ஓட்டுபவர்கள், கப்பல் மற்றும் விமானப் பணியாளர்கள், படைத்துறையினர் போன்றோருக்குப் போதைப்பொருள் பரிசோதனை நடப்பது வழக்கம். அந்தப் பரிசோதனை சிபிடியைத் தேடுவதில்லை; டிஎச்சி உடலில் சிதைந்து உண்டாகும் ஒரு பொருளைத் தேடுகிறது. அமெரிக்க அரசுப் பணிகளில் நடக்கும் முதற்கட்டச் சிறுநீர்ப் பரிசோதனையில் அதற்கான வரம்பு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். டிஎச்சி கொழுப்பில் கரைவது என்பதால், தினமும் சிறிதளவு உள்ளே போனாலும் உடலின் கொழுப்பில் தங்கிச் சேர்ந்துகொண்டே வரும். விளையாட்டு வீரர்களின் நிலையும் இதுதான்: உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2018இல் சிபிடியைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, ஆனால் டிஎச்சி போட்டிக் காலத்தில் இன்றும் தடையில்தான் உள்ளது.

இந்தக் கேள்விகளில் ஒன்றுக்காவது ‘டிஎச்சி கூடவே கூடாது’ என்ற விடை வருமானால், டிஎச்சியையும் சிறிதளவு விட்டுவைக்கும் ஃபுல் ஸ்பெக்ட்ரத்தை இப்போதே ஒதுக்கி வைத்துவிடலாம். எவ்வளவு நல்ல நிறுவனம் தயாரித்திருந்தாலும் அது உங்களுக்கானது அல்ல.

சாறு உருவாகும் பாதை

மூன்று வகைகளையும் மனப்பாடம் செய்வதைவிட அவை எப்படி உருவாகின்றன என்பதைத் தெரிந்துகொள்வது எளிது. பாதை ஒன்றுதான், யார் எந்த இடத்தில் இறங்கிக்கொள்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

ஹெம்ப் செடியின் பூக்களை உலர்த்திப் பொடித்து, எத்தனாலிலோ கரியமில வாயுவிலோ சாறெடுக்கிறார்கள். கரியமில வாயுவை 31 டிகிரி செல்சியசுக்கு மேல், சுமார் 74 பார் அழுத்தத்துக்கு மேல் கொண்டுபோனால் அது வாயுவைப் போலப் பரவவும் திரவத்தைப் போலக் கரைக்கவும் செய்யும். அழுத்தத்தைத் தளர்த்தியதும் சாற்றை விட்டுவிட்டு ஆவியாகிவிடும். எத்தனால் முறை செலவு குறைந்தது, பேரளவில் செய்ய ஏற்றது. ஆனால் கடைசித் துளி எத்தனாலும் போய்விட்டதா என்பதைப் பரிசோதித்து உறுதி செய்ய வேண்டும். எந்த முறையானாலும் கையில் கிடைப்பது கருமையான, பிசுபிசுப்பான, கடும் மணமுள்ள ஒரு குழம்பு. அதில் கன்னாபினாய்டுகளோடு மெழுகும் பச்சையமும் மணச் சேர்மங்களான டெர்ப்பீன்களும் கலந்திருக்கும்.

செடியில் சிபிடி பெரும்பாலும் சிபிடிஏ என்ற அமில வடிவில் இருப்பதால், அதைச் சூடாக்கி சிபிடியாக மாற்றுவார்கள். பிறகு எத்தனாலில் கரைத்துக் கடுங்குளிரில் வைத்தால் மெழுகு உறைந்து அடியில் படியும். அதை வடிகட்டி நீக்குவார்கள். இந்த அளவோடு நிறுத்தி, ஏதேனும் ஓர் எண்ணெயில் கரைத்துப் புட்டியில் அடைத்தால் அது ஃபுல் ஸ்பெக்ட்ரம். இன்னும் சிறிது தூரம் சென்று டிஎச்சியை மட்டும் பிரித்து நீக்கினால் பிராட் ஸ்பெக்ட்ரம். பாதையின் கடைசிவரை சென்று, சிபிடியைத் தவிர மற்ற அனைத்தையும் கழித்துப் படிகமாக்கினால் ஐசொலேட்.

ஃபுல் ஸ்பெக்ட்ரம்

இதில் சிபிடியோடு சிபிஜி, சிபிசி, சிபிஎன் முதலான சிறு கன்னாபினாய்டுகளும், டெர்ப்பீன்களும், சட்ட வரம்புக்கு உட்பட்ட டிஎச்சியும் இருக்கும். நிறம் பொன்னிறத்திலிருந்து அடர்பழுப்பு வரை மாறும். நாவில் மண்ணும் புல்லும் கலந்த கசப்பு தெரியும். சிலரால் அதைச் சகித்துக்கொள்ளவே முடியாது.

இதை ஆதரிப்பவர்கள் சொல்லும் முதன்மைக் காரணம், செடியின் சேர்மங்கள் தனித்தனியாக இருப்பதைவிடக் கூட்டாக இருக்கும்போது நன்றாக வேலை செய்கின்றன என்பதாகும். ஆங்கிலத்தில் இதை ‘ஆன்டூராஜ்’ விளைவு என்கிறார்கள். இந்தச் சொல்லை 1998இல் மெக்கூலமும் உடன் பணியாற்றியவர்களும் முதலில் பயன்படுத்தியது செடியைப் பற்றி அல்ல. மனித உடலே உற்பத்தி செய்யும் கன்னாபினாய்டு போன்ற சேர்மங்களைப் பற்றித்தான். செடிக்கு அது பின்னர் விரிக்கப்பட்டது. 2015இல் ஜெருசலேமில் எலிகளில் நடந்த ஓர் ஆய்வில், தூய சிபிடியின் பலன் ஓர் அளவுக்கு மேல் கூட்டினால் குறைந்துபோனதும், முழுச் சாற்றில் அப்படிக் குறையாததும் காணப்பட்டன. கருத்து ஆர்வமூட்டுவதுதான், ஆயினும் இதற்கான சான்றுகளில் பெரும்பகுதி ஆய்வுக்கூடத்திலிருந்தும் விலங்குகளிலிருந்தும் வந்தவை. மனிதர்களில் நிறுவப்பட்ட உண்மையைப் போல இதை எடுத்துச் சொல்லி விற்பது சரியன்று.

‘0.2 விழுக்காடு டிஎச்சி’ என்று படித்தவுடன் அது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டர் எண்ணெயின் எடை ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதில் 0.2 விழுக்காடு என்பது ஏறத்தாழ 2 மில்லிகிராம். நாளொன்றுக்கு இரண்டு மில்லிலிட்டர் எடுத்துக்கொண்டால் 4 மில்லிகிராம் டிஎச்சி உள்ளே போகிறது. டிஎச்சி கலந்த உணவுப்பொருள்களைப் புதிதாக உண்பவர்களுக்குச் சொல்லப்படும் தொடக்க அளவே 2.5 மில்லிகிராம்தான். ஆகவே ‘சிபிடி போதை தராது’ என்ற வாக்கியத்தை நம்பி இதைத் தாராளமாக ஊற்றிக்கொள்பவருக்குத் தலைச்சுற்றலும் மந்தமும் வந்தால் அது கற்பனையன்று. எடுத்துக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

பிராட் ஸ்பெக்ட்ரம்

மூன்றில் மிகுந்த எச்சரிக்கையோடு வாங்க வேண்டியது இது என்பது என் கருத்து. காரணம், இந்தப் பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. முழுச் சாற்றிலிருந்து டிஎச்சியை மட்டும் நுட்பமாகப் பிரித்தெடுத்து, மற்றவற்றைக் காப்பாற்றியது ஒன்று. தூய ஐசொலேட்டில் வெளியிலிருந்து வாங்கிய டெர்ப்பீன்களைச் சேர்த்து மணமூட்டியது மற்றொன்று. டெர்ப்பீன்கள் கஞ்சாச் செடிக்கு மட்டும் உரியவை அல்ல. எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீனும், மிளகின் காரமணத்தில் உள்ள கேரியோஃபிலீனும், லாவெண்டர் பூவில் உள்ள லினலூலும் இந்தச் செடியிலும் இருப்பவைதான். எனவே மணத்தை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. புட்டியின் முகப்புச் சீட்டைப் பார்த்து இரண்டையும் வேறுபடுத்தவும் முடியாது. எண்ணெயைப் பரிசோதித்த ஆய்வகம் தரும் ஆய்வறிக்கையைப் பார்த்தால் முடியும். அறிக்கையில் சிபிஜி, சிபிசி, சிபிஎன் ஆகியவற்றுக்கு எதிரே உண்மையான எண்கள் இருந்தால் அது முதல் வகை. சிபிடிக்கு மட்டும் எண் இருந்து மற்ற வரிகள் வெறுமையாக இருந்தால், பெயர் எதுவானாலும் நீங்கள் வாங்குவது ஐசொலேட்தான்.

ஐசொலேட்

ஒரு சிட்டிகை ஐசொலேட்டை வெள்ளைத் தாளில் கொட்டினால் பொடித்த கற்கண்டைப் போல இருக்கும். மணம் இல்லை, சுவையும் இல்லை என்றே சொல்லலாம். தூய்மை பொதுவாக 99 விழுக்காட்டுக்கு மேல். நீரில் கரையாது; கொழுப்பில்தான் கரையும். அளவுக்கு மீறிச் செறிவாகக் கரைத்த எண்ணெயில் குளிர்காலத்தில் படிகங்கள் அடியில் படிவதுண்டு. புட்டியை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்துக் குலுக்கினால் அவை மீண்டும் கரைந்துவிடும். கெட்டுப்போனது என்று நினைத்து எறிந்துவிட வேண்டாம்.

செடியின் ஆன்மாவைக் கழற்றிவிட்ட வெறும் பொடி என்று இதைக் குறைத்துப் பேசுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சிபிடிக்கு இன்றுள்ள மிக வலுவான மருத்துவச் சான்று தூய சிபிடியைக் கொண்டே திரட்டப்பட்டது. ட்ராவெட், லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் அனுமதித்த எபிடியோலெக்ஸ், செடியிலிருந்து எடுத்துத் தூய்மையாக்கிய சிபிடியை நல்லெண்ணெயில் கரைத்த மருந்து. அங்கே அளவைத் துல்லியமாகச் சொல்ல முடிந்ததற்குத் தூய்மையே காரணம். அதே காரணத்துக்காகத்தான் முதன்முதலாகத் தொடங்குபவருக்கு நான் ஐசொலேட்டையே பரிந்துரைப்பேன்: ஒவ்வாமையோ தூக்கக் கலக்கமோ வந்தால், எந்தச் சேர்மத்தால் வந்தது என்று தேட வேண்டிய பட்டியல் மிகச் சிறியது.

ஆய்வறிக்கையைப் படிப்பது

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள் என்பேன். 2017இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், இணையத்தில் விற்கப்பட்ட 84 சிபிடி பொருள்களை வாங்கிப் பரிசோதித்தார்கள். முகப்பில் எழுதியிருந்த அளவோடு ஒத்துப்போனவை 31 விழுக்காடு மட்டுமே. 26 விழுக்காட்டில் சொன்னதைவிடச் சிபிடி குறைவாக இருந்தது. 43 விழுக்காட்டில் சொன்னதைவிட அதிகம். 18 பொருள்களில் டிஎச்சி காணப்பட்டது. ஆகவே முகப்பு என்பது விற்பவரின் வாக்கு மட்டுமே. சான்று என்பது மூன்றாம் தரப்பு ஆய்வகம் தரும் அறிக்கை.

அறிக்கையைத் திறந்ததும் முதலில் தொகுதி எண்ணை (பேட்ச் நம்பர்) பாருங்கள். புட்டியின் அடியிலோ ஓரத்திலோ அச்சிட்ட எண்ணும் அறிக்கையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் அது வேறொரு தொகுதியின் அறிக்கை. உங்கள் கையில் உள்ள புட்டிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பிறகு தேதியையும் ஆய்வகத்தின் பெயரையும், ஆய்வகங்களின் திறனுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 17025 ஏற்பு அந்த ஆய்வகத்துக்கு உண்டா என்பதையும் பாருங்கள்.

அடுத்து கன்னாபினாய்டுப் பட்டியல். டெல்டா-9 டிஎச்சி (இதுவரை டிஎச்சி என்று சொன்னது இதையே) என்ற வரிக்கு எதிரே ‘என்டி’ என்று இருந்தால், ‘கண்டறியப்படவில்லை’ என்று பொருள். இங்கேதான் பலர் அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். கண்டறியப்படவில்லை என்பதும் இல்லவே இல்லை என்பதும் ஒன்றல்ல. பக்கத்துப் பத்தியில் எல்ஓடி, எல்ஓக்யூ என்று இரண்டு எண்கள் இருக்கும்; அந்தக் கருவியால் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவும், அளந்து சொல்லக்கூடிய மிகக் குறைந்த அளவும் அவை. 30 மில்லிலிட்டர் எண்ணெயின் எடை சுமார் 28 கிராம் என்று கொள்வோம். கண்டறியும் எல்லை 0.1 விழுக்காடாக இருந்தால், ‘என்டி’ என்று எழுதிய புட்டிக்குள் 28 மில்லிகிராம் வரை டிஎச்சி இருந்துவிடலாம். எல்லை 0.01 விழுக்காடாக இருந்தால் அது 2.8 மில்லிகிராமாகக் குறையும். பரிசோதனைக்கு உட்படும் வேலையில் இருப்பவர் இந்த எண்ணைப் பார்க்காமல் எதையும் வாங்கவே கூடாது. பார்த்து வாங்கினாலும் முழு உத்தரவாதம் என்று ஒன்று கிடையாது.

டிஎச்சிஏ என்ற அமில வடிவத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும், ஏனெனில் சூடுபட்டால் அது டிஎச்சியாக மாறும். டிஎச்சிஏ எண்ணை 0.877ஆல் பெருக்கி டிஎச்சி எண்ணோடு கூட்டினால் மொத்த டிஎச்சி கிடைக்கும். நல்ல அறிக்கையில் இதை அவர்களே போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

மீதிப் பக்கங்களில் கன உலோகங்கள், பூச்சிக்கொல்லிகள், கரைப்பான் எச்சம், பூஞ்சை மற்றும் நுண்ணுயிரிகள் பற்றிய முடிவுகள் இருக்க வேண்டும். ஹெம்ப் செடி மண்ணிலுள்ள உலோகங்களை வேரால் உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. மாசடைந்த நிலத்தைத் தூய்மைப்படுத்த அதை நடும் அளவுக்கு இந்த இயல்பு வலுவானது. அப்படிப்பட்ட செடியின் சாற்றைச் செறிவாக்கும்போது ஈயமும் காட்மியமும் கூடவே செறிவாகலாம். கன்னாபினாய்டுப் பட்டியலை மட்டும் காட்டிவிட்டு இந்தப் பக்கங்களைக் காட்டாத நிறுவனத்திடம் கேளுங்கள், தரவில்லையென்றால் வாங்காதீர்கள்.

முகப்பில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. ஹெம்ப் விதை எண்ணெய் வேறு, சிபிடி எண்ணெய் வேறு. விதையில் சிபிடி ஏறக்குறைய இல்லை. ‘ஹெம்ப் எக்ஸ்ட்ராக்ட் 1000 மில்லிகிராம்’ என்றால் சாற்றின் எடை அவ்வளவு என்றுதான் பொருள். சிபிடி எவ்வளவு என்பது தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மருந்து உட்கொள்பவர்கள்

மூன்று வகைகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இது பொருந்தும். பல மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைச் சிபிடி தடுத்து மந்தமாக்குகிறது. அதனால் அந்த மருந்துகள் ரத்தத்தில் தேவைக்கு மேல் தங்கிவிடக்கூடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், வலிப்புக்குத் தரும் க்ளோபசாம், உறுப்பு மாற்றம் செய்தவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸ் ஆகியவற்றோடு இது நிகழ்வது அறியப்பட்டது. வால்ப்ரோயேட்டோடு சேரும்போது கல்லீரல் பாதிப்பின் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் மருந்துப் பெட்டியில் ‘கிரேப்ஃப்ரூட் உண்ணக் கூடாது’ என்ற எச்சரிக்கை இருந்தால், அந்த மருந்தும் பெரும்பாலும் இதே நொதிகளின் வழியாகத்தான் சிதைகிறது என்று கொண்டு, மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எந்த வகையையும் தவிர்க்க வேண்டும். இயற்கையானது என்பதால் தீங்கில்லை என்று யாரேனும் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தொடங்கும் அளவு

பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு, நலமாக உள்ள பெரியவர்கள் நாளொன்றுக்கு 70 மில்லிகிராமுக்கு மேற்பட வேண்டாம் என்று 2020இல் சொல்லியிருந்தது. 2023இல் அதை 10 மில்லிகிராமாகக் குறைத்தது. மருந்தாகத் தரப்படும் அளவுகள் இதைவிடப் பன்மடங்கு அதிகம் என்றாலும், அவை மருத்துவர் கல்லீரலைக் கண்காணித்துத் தருபவை. தாமாக வாங்குபவர்கள் இந்த 10ஐ மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

30 மில்லிலிட்டர் புட்டியில் 1000 மில்லிகிராம் சிபிடி என்றால், ஒரு மில்லிலிட்டரில் சுமார் 33 மில்லிகிராம். சொட்டுக்குழாயில் ஒரு மில்லிலிட்டர் ஏறத்தாழ 20 சொட்டு. ஆகச் சொட்டு ஒன்றுக்கு 1.7 மில்லிகிராம் அளவில் வரும். 10 மில்லிகிராம் என்பது ஆறு சொட்டுதான். குழாய் நிறைய உறிஞ்சி நாக்கில் விடுபவர் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறார்.

மூன்று சொட்டில் தொடங்கி ஒரு வாரம் அப்படியே இருங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில், உணவுக்கு முன்பா பின்பா என்பதையும் மாற்றாமல் எடுத்துக்கொள்ளுங்கள்; எபிடியோலெக்ஸைக் கொழுப்பு மிகுந்த உணவோடு தந்தபோது ரத்தத்தில் சேர்ந்த மொத்தச் சிபிடி நான்கு மடங்கானது. ஒருநாள் வெறும் வயிற்றிலும் மறுநாள் வயிறு நிறைய உண்டபின்னும் எடுத்தால், உங்களுக்கு எது பொருந்துகிறது என்பதை ஒருபோதும் அறிய முடியாது. நேரம், சொட்டு, தூக்கம், வயிறு, வேறு மாற்றங்கள் என்று ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். வகையை மாற்றிப் பார்க்க விரும்பினால் சிபிடியின் அளவை மாற்றாமல் வகையை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் குறிப்பேடு பயனற்றுப்போகும்.

புட்டியை வெளிச்சமும் சூடும் படாத இடத்தில், இறுக மூடி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அது தீர்ந்து, அதே நிறுவனத்தின் அதே எண்ணெயை மறுபடி வாங்கும்போதும் தொகுதி எண் மாறியிருக்கும். புதிய எண்ணுக்குரிய அறிக்கையைத் தேடி எடுத்து, டிஎச்சி வரியை மீண்டும் ஒருமுறை படித்துவிட்டு மூடியைத் திறங்கள்.